அல்-அனான் மீட்டிங், பெங்களூரு: எட்டு மாசம் போயிட்டு எழுதுறேன்

வீட்ல யாராவது குடிச்சு, அதுல நீங்க தினமும் வெந்துட்டு இருந்தீங்கன்னா இத படிங்க.

ஏஏன்னு சொல்வாங்கல்ல, ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அது குடிக்கிறவங்களுக்கு. அல்-அனான் அவங்க வீட்டு ஆளுங்களுக்கு, பொண்டாட்டி, அம்மா, பசங்க, ஃப்ரெண்டு யார் வேணா வரலாம். 1951ல அமெரிக்கால ஆரம்பிச்சது. ஏஏவ தொடங்கினவங்கள்ல ஒருத்தரோட மனைவி லோயிஸ், அவங்கதான் இன்னொரு அம்மாவோட சேந்து இத ஆரம்பிச்சாங்க. புருஷன் குடிய விட்டதுக்கு அப்புறம்தான் ஒருநாள் அவங்க கோவத்துல ஷூவ தூக்கி எறிஞ்சிருக்காங்க, அப்பதான் தனக்கும் ஏதோ சரியில்லன்னு புரிஞ்சிருக்கு. அத கேட்டப்போ எனக்கு அழுகையே வந்துடுச்சு, நான் எறிஞ்சது சில்வர் டம்ளர், பையன் பாத்துட்டு நின்னான்.

நான் இருக்குறது அல்சூர். தெருல யாரும் பாத்துட கூடாதுன்னு வேணும்னே தூரமா ஒரு மீட்டிங் தேடினேன். ரெண்டு பஸ் மாறணும், ஆனா கர்நாடக அரசோட சக்தி திட்டத்துல லேடீஸுக்கு பஸ் ஃப்ரீ, ஆதார் காட்டினா போதும், அதனால யார்கிட்டயும் காசு கேக்காம, காரணம் சொல்லாம போக முடிஞ்சது. மீட்டிங்குக்கும் ஃபீஸ் இல்ல. கடைசில ஒரு பை சுத்தி வரும், பத்தோ இருபதோ போடலாம், போடாமலும் இருக்கலாம்.

மூணு வாரம் நான் வாயே தொறக்கல, யாரும் பேசுன்னு கட்டாயப்படுத்தல. நாலாவது வாரம் சொன்னேன். திங்கக்கிழமை ஆனா என் வீட்டுக்காரர் ஆபீஸுக்கு ஃபோன் போட்டு "காய்ச்சல் சார்"னு நாலு வருஷமா நான்தான் பொய் சொல்லிட்டு இருக்கேன், தங்கச்சி வளைகாப்புக்கு கூட போகல, அவர் அங்க வந்து என்ன பண்ணுவாரோன்னு பயம். ரெண்டு நிமிஷம் பேசிருப்பேன். முடிச்சதும் அட்வைஸ் இல்ல, அய்யோ பாவம் இல்ல, "தேங்க்ஸ்"னு சொல்லிட்டு அடுத்தவங்க அவங்க விஷயத்த பேச ஆரம்பிச்சுட்டாங்க. "நீ ஒழுங்கா இருந்தா அவன் ஏன் குடிக்கிறான்"னு மாமியார்கிட்ட கேட்டு கேட்டு பழகின காது இது, அன்னிக்கு பஸ்ல ஜன்னல் பக்கம் உக்காந்து வீடு வர்ற வரைக்கும் அழுதேன், ஆனா மனசு லேசா இருந்துச்சு.

மத்தவங்க கதைய இங்க எழுத மாட்டேன், அங்க கேட்டத அங்கயே விட்டுட்டு வரணும். இத மட்டும் சொல்லலாம்: வீட்டு வேலைக்கு போறவங்களும் கார்ல வந்து இறங்குறவங்களும் அங்க ஒரே மாதிரி பிளாஸ்டிக் சேர்ல உக்காந்து, தமிழும் கன்னடமும் கலந்து, ஒரே பயத்த தான் பேசுறாங்க. எல்லாம் என் தலையெழுத்து, நம்ம சனமே இப்படித்தான்னு நெனச்சுட்டு இருந்தவ நான். கீழ் வீட்டுல ராத்திரி சண்ட சத்தம் கேட்டா ஜன்னல சாத்திடுவேன். போன மாசம் அந்த அக்கா மாடிப்படில உக்காந்து அழுதுட்டு இருந்தாங்க, நானும் பக்கத்துல போய் உக்காந்தேன், அரை மணி நேரம் ஒண்ணுமே சொல்லல. அதுக்கு முன்னாடி எனக்கு அப்படி உக்கார தெரியாது.

அவர் இன்னும் குடிக்கிறாரு. இத நான் வரவைக்கல, என்னால அடக்கவும் முடியாது, குணமாக்கவும் முடியாதுன்னு அங்க சொல்வாங்க, அது உள்ள இறங்க எனக்கு ரொம்ப நாளாச்சு. இப்ப ஆபீஸுக்கு ஃபோன் பண்றத நிறுத்திட்டேன்.

ஒரு முக்கியமான விஷயம், இது வைத்தியம் இல்ல. வருஷக்கணக்கா நிறைய குடிச்சவங்கள திடீர்னு நிறுத்த வச்சா ஃபிட்ஸ் வரலாம், உயிருக்கே ஆபத்து, டாக்டர் வேணும். நிம்ஹான்ஸ்ல, பெங்களூருல இருக்குற மனநல ஆஸ்பத்திரி, இதுக்குன்னே தனி பிரிவு இருக்கு. ஃபோன்ல பேசணும்னா அரசோட மனநல ஹெல்ப்லைன் டெலி மானஸ் 14416, தமிழ்லயும் பேசலாம். அடி உதைன்னா மீட்டிங்குக்கு காத்திருக்காதீங்க, பெண்கள் ஹெல்ப்லைன் 181க்கு போடுங்க.

நான் போற இடம் முதல் மாடி, லிஃப்ட் இல்ல, முட்டி வலி இருக்குறவங்களுக்கு கஷ்டம்தான். ஒரே தடவைல முடிவு பண்ணாதீங்க, ஆறு மீட்டிங்காவது வந்து பாருங்கன்னு அங்கயே சொல்வாங்க. வெளிய பெருசா போர்டு எதுவும் இருக்காது, வாசல் கேட் பக்கத்துல முழிச்சுட்டு நின்னீங்கன்னா யாராவது இறங்கி வந்து கூப்டுவாங்க, என்னையும் அப்படித்தான் ஒரு ஆன்ட்டி கைய புடிச்சு கூட்டிட்டு போனாங்க.