மதிலுள்ள ஊர்கள், மதிலற்ற ஊர்கள்: ஓர் இணையவழிப் பாடத்தொடர்

பண்டைய, இடைக்கால ஊர்களை மதிலை வைத்துப் பிரித்து ஆராயும் இந்தக் காணொளிப் பாடத்தொடரைக் கட்டணம் செலுத்தி முழுவதுமாகப் பார்த்தேன். கொடுத்த பணத்துக்குப் பெரும்பகுதி தகும். ஆனால் தலைப்பில் உள்ள 'மதிலற்ற ஊர்கள்' உள்ளே ஓரமாகத்தான் நிற்கின்றன.

பாலஸ்தீனத்தின் மிகப் பழைய ஊரான எரிகோவைப் பற்றிய பாடமே இத்தொடரின் சிறந்த பகுதி. ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முந்தைய கற்கோபுரத்தின் குறுக்குவெட்டுப் படத்தைத் திரையில் நிறுத்தி, 8.5 மீட்டர் உயரமுள்ள அதன் உட்புறத்தில் ஏறும் 22 படிகளைக் கீழிருந்து காட்டிவிட்டு, அங்குள்ள மதில் பகைவரைத் தடுக்க எழுந்ததா, வெள்ளத்தையும் சேற்றையும் தடுக்க எழுந்ததா என்ற ஆய்வாளர்களின் விவாதத்தை ஆசிரியர் அவசரமின்றி விளக்குகிறார். சட்டம் பற்றிய பாடமும் அதற்குக் குறைந்ததல்ல. விவிலியத்தின் சட்ட நூலான லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தின்படி, மதில் சூழ்ந்த நகரத்தில் விற்ற வீட்டை ஓராண்டுக்குள் மீட்காவிட்டால் அது வாங்கியவருக்கே நிலைத்துவிடும். மதிலில்லாத கிராமத்து வீடோ நிலத்தோடு சேர்த்து எண்ணப்பட்டு, ஐம்பதாண்டுக்கு ஒருமுறை வரும் யூபிலி ஆண்டில் விற்றவரிடமே திரும்பிவிடும். யூதர்களின் பூரிம் பண்டிகையைப் பொதுவாக அவர்களுடைய அதார் மாதத்தின் 14ஆம் நாளிலும், பண்டைய இஸ்ரயேலரின் தலைவர் யோசுவா காலத்திலேயே மதில் பெற்றிருந்த நகரங்களில் 15ஆம் நாளிலும் கொண்டாடும் மரபையும் இதனோடு இணைத்துக் காட்டியது நல்ல யோசனை.

கான்ஸ்டான்டினோபிளை (இன்றைய இஸ்தான்புல்) உதுமானியத் துருக்கியர் சூழ்ந்து தாக்கிய முற்றுகைக்கு ஒதுக்கிய நேரம் அதிகம். 1453இன் பீரங்கிகளைப் பற்றி வேறெங்கும் கேட்காத செய்தி எதுவும் அதில் இல்லை.

மாறாக, நெடுங்காலம் மதிலே எழுப்பாத பண்டைய கிரேக்க நகரமான ஸ்பார்ட்டா சில வாக்கியங்களில் முடிந்துவிடுகிறது. வீடுகளை நெருக்கி ஒட்டிக் கட்டி, கூரை வழியாக ஏணியில் இறங்கி வாழ்ந்த, இன்றைய துருக்கியில் உள்ள கற்கால ஊரான சாத்தல்ஹூயூக்கும், ஊரைச் சுற்றி மதிலில்லாத எகிப்தியத் தலைநகர் அமர்னாவும் பேச்சிலேயே வரவில்லை. பழைய மதிலைத் தாண்டிப் பல நூற்றாண்டுகள் அச்சமின்றிப் பரந்து கிடந்த ரோமை, பேரரசர் அவுரேலியன் கி.பி. 271இல் தொடங்கிய 19 கிலோமீட்டர் மதிலை மட்டும் காட்டி 'மதிலுள்ள ஊர்' பகுதியில் அடைத்திருப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

உடன் தரும் வரைபடங்களில் அளவுகோல் இல்லாததால், எரிகோவும் ரோமும் தாளில் ஒரே பருமனில் தெரிகின்றன.