பாயிண்டில் நின்றுபோகும் குட்டி எஞ்சின்: பாதையைத் திருத்துவதா, எஞ்சினைத் திருத்துவதா?

அடிக்கு 4 மி.மீ. என்ற பிரிட்டிஷ் ஓஓ அளவில், 16.5 மி.மீ. பாதையில் ஓடும் மாதிரி ரயில்களில், பெக்கெட் நிறுவனத்தின் தொழிற்சாலை எஞ்சின்கள், லங்காஷயர்-யார்க்‌ஷயர் ரயில்வேயின் 'பக்' போன்ற நான்கு சக்கர நீராவி எஞ்சின்கள் மெதுவாக ஓடும்போது, பாதை இரண்டாகப் பிரியும் பாயிண்டின் ஃப்ராக்கில், அதாவது உள் தண்டவாளங்கள் இரண்டும் கூடும் V வடிவ முனையில், தண்டவாள மின்சாரம் கிடைக்காமல் நின்றுவிடுவது பழைய தொல்லை. இதற்கு மூன்று வழிகள் உண்டு: பிளாஸ்டிக் ஃப்ராக் கொண்ட பாயிண்டையே வைத்துக்கொண்டு பாதையையும் சக்கரங்களையும் துடைத்துச் சமாளிப்பது, மின்சாரம் பாயும் உலோக ஃப்ராக்கைப் போட்டு, பாயிண்ட் திரும்பும் பக்கத்துக்கேற்ப அதன் மின்துருவத்தை மாற்ற ஒரு சுவிட்சை இணைப்பது, பாதையை அப்படியே விட்டு, கொஞ்சம் மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் மின்தேக்கியை எஞ்சினுக்குள் வைப்பது. பெட்டிகளைக் கோத்தும் பிரித்தும் நகர்த்தும் என் சிறிய ஷண்டிங் தளத்துக்கு நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன் என்பதால், இந்த ஒப்பீட்டில் அந்தப் பக்கச் சாய்வு இருக்கும்.

பிளாஸ்டிக் ஃப்ராக்குக்குச் சாதகமானவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கூடுதல் கம்பி வேண்டாம், வாங்கியவுடன் பதிக்கலாம், டெண்டர் எனும் பின்னிணைந்த நிலக்கரி-தண்ணீர் வண்டியின் சக்கரங்களிலும் மின்சாரம் எடுக்கும் பெரிய எஞ்சின்களுக்கு அதில் குறையொன்றும் தெரியாது. குட்டி எஞ்சினின் கணக்குதான் வேறு. அசலில் 5 அடியாக இருக்கும் அச்சிடைவெளி மாதிரியில் 20 மி.மீ. ஆகிறது. ஃப்ராக்கின் மின்சாரமற்ற பகுதி அதைவிடக் குறுகியதென்றால் ஏதாவதொரு சக்கரம் எப்போதும் உலோகத்தில் இருக்குமே என்று தோன்றும். ஆனால் வளையாத சட்டத்தில் பொருத்திய நான்கு சக்கரங்கள், சமமற்ற தரையில் போட்ட நாற்காலியைப் போல, ஒரே நேரத்தில் மூன்று புள்ளிகளில்தான் உறுதியாக ஊன்றும். ஆகவே ஒரு பக்கத்தில் மின்சாரம் எடுப்பது பெரும்பாலும் ஒற்றைச் சக்கரமே. அது பிளாஸ்டிக்கின் மேல் ஏறும் கணத்தில் அந்தப் பக்கம் முழுவதும் அறுந்துபோகிறது. எத்தனை முறை துடைத்தாலும் இந்த வடிவியல் மாறாது. வேகமாக ஓட்டினால் எஞ்சின் தன் உந்தத்தால் கடந்துவிடும் என்பது உண்மைதான். ஷண்டிங் எஞ்சினை யாரும் வேகமாக ஓட்டுவதற்காக வாங்குவதில்லை.

உலோக ஃப்ராக் இந்த இடைவெளியையே இல்லாமலாக்குகிறது. பதிலுக்கு அது இரண்டு வேலைகளைக் கேட்கிறது. முதலாவது, ஃப்ராக்குக்கு அப்பால் பிரியும் இரண்டு உள் தண்டவாளங்களிலும் பிளாஸ்டிக் இணைப்பான்களைப் போட வேண்டும். இல்லையேல், தடத்தின் மின்னிணைப்பைப் பொறுத்து, ஷார்ட் சர்க்யூட் ஆகிவிடும். இரண்டாவது, என் முடிவையே தீர்மானித்த பராமரிப்பு. மாதிரிப் பாதை தயாரிக்கும் பீக்கோவின் உலோக ஃப்ராக் வகையான எலெக்ட்ரோஃப்ராக்கைப் பெட்டியிலிருந்து எடுத்தபடியே பதித்தால், நகரும் நாக்குத் தண்டவாளம் பக்கத்துத் தண்டவாளத்தைத் தொடுவதன் மூலமே ஃப்ராக்குக்கு மின்சாரம் போகிறது. புதிதாக இருக்கும்போது இது நன்றாக வேலை செய்யும். பிறகு ஜல்லி ஒட்டும் பசை, தண்டவாளப் பக்கங்களில் அடிக்கும் பெயின்ட், தூசி எல்லாம் சரியாக அந்தத் தொடுமுனையில்தான் போய்ச் சேரும். அப்போது ஃப்ராக் மட்டுமன்றி நாக்குகளும் சேர்ந்தே மின்சாரம் இழக்கும் என்பதால், பிளாஸ்டிக் ஃப்ராக்கைவிட நீண்ட தூரம் செத்துக் கிடக்கும். எனவே சுவிட்ச் இல்லாத உலோக ஃப்ராக்கை நான் பரிந்துரைக்க மாட்டேன். பாயிண்டைத் திருப்புவதோடு உள்ளேயே இரண்டு மாற்றுத் தொடர்புகளையும் கொண்ட டார்ட்டாய்ஸ் மோட்டாரோ, கைநெம்புகோலுடன் சேர்ந்து அழுந்தும் ஒரு மைக்ரோ சுவிட்சோ அந்த வேலையைப் பலகைக்கு அடியில், பசையும் பெயின்ட்டும் எட்டாத இடத்தில் செய்துவிடும். தண்டவாளம் வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்பி எஞ்சின்களை இயக்கும் டி.சி.சி. முறையில் ஓட்டுபவர்கள் துருவத்தைத் தானே மாற்றும் மின்னணுச் சாதனத்தையும் பயன்படுத்தலாம். பீக்கோவின் புதிய யூனிஃப்ராக் வகையில் ஃப்ராக்கின் உலோக மூக்கு தனித்து நிற்க, அதற்கொரு கம்பியும் தரப்படுகிறது. இணைப்பதும் விடுவதும் நம் விருப்பம். அதை நான் பயன்படுத்தியது கொஞ்சமே என்றாலும், குட்டி எஞ்சின் வைத்திருப்பவர் அந்தக் கம்பியை இணைத்துவிடுவதே நல்லது.

மின்தேக்கியை ஒதுக்கிவிட முடியாது. அழுக்கான நேர்ப்பாதையிலும் அது கைகொடுக்கும் என்பது சுவிட்சுக்கு இல்லாத வலிமை. ஆனால் அது, எஞ்சினுக்குள் இருந்து கட்டளைகளைப் படிக்கும் டி.சி.சி. டிகோடருடன் சேர்ந்தே பயன்படும். டிகோடர் இல்லாத சாதாரண 12 வோல்ட் நேர்மின்னோட்டத் தளத்துக்கு உதவாது. தலா 2.7 வோல்ட் தாங்கும் மின்தேக்கிகளில் ஐந்தைத் தொடராக இணைத்தால்தான் 13.5 வோல்ட் தாங்கும்; அத்தனைக்கும் இடம் வேண்டும். கொதிகலன் மேல் சேணம்போல் தண்ணீர்த் தொட்டி கொண்ட சேணத் தொட்டி எஞ்சினில் டிகோடருக்கே இடம் திண்டாட்டம். எஞ்சினுக்கு எஞ்சின் இந்தச் செலவைத் திரும்பச் செய்யவும் வேண்டும். வேகன்களை வரிசைப்படுத்தும் விளையாட்டான இங்கிள்நூக் சைடிங்ஸ் புதிர்த்தளத்தில் இருப்பவை இரண்டே பாயிண்ட்கள். இரண்டு சுவிட்சுகளைப் போட்டுவிட்டால் இனி வாங்கப்போகும் எஞ்சின்களுக்கும் சேர்த்தே வேலை முடிகிறது. நாற்பது பாயிண்ட்களும் இரண்டே குட்டி எஞ்சின்களும் உள்ள பெரிய தளமென்றால் இந்தக் கணக்கு தலைகீழாகலாம்.

பிளாஸ்டிக் ஃப்ராக்குகளைப் பதித்து ஜல்லியும் ஒட்டிவிட்டவர்கள் பாதையைப் பெயர்க்கத் தேவையில்லை. எஞ்சினுடன் நிரந்தரமாகப் பிணைத்த ஒரு வேகனின் உலோகச் சக்கரங்களிலிருந்து, பாஸ்பர் வெண்கலத் தகடுகள் வழியாக மின்சாரம் எடுத்து இரண்டு மெல்லிய கம்பிகளால் எஞ்சினுக்குக் கொடுக்கலாம். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே தன் ஷண்டிங் எஞ்சின்களுடன் ஷண்டர்ஸ் டிரக் என்றொரு வண்டியை இணைத்து ஓட்டியதால், அந்தத் தளங்களில் இது கண்ணை உறுத்தாது. தகடுகள் சக்கரத்தை லேசாக மட்டுமே தொட வேண்டும். இறுக்கினால் உருள மறுக்கும் வேகனைக் குட்டி எஞ்சின் இழுத்துக்கொண்டு திணறும்.