பவுல்டர்ஸா, ஸ்டோனி பாயிண்டா? கேப் டவுன் பக்கம் பென்குயின் பார்க்கப் போகிறவர்களுக்கு

கேப் டவுன் போகிறவர்களில் பெரும்பாலோர் பென்குயின் என்றதும் பவுல்டர்ஸ் கடற்கரைக்குத்தான் கிளம்புகிறார்கள். ஃபால்ஸ் பே வளைகுடாவின் மேற்குக் கரையில், சைமன்ஸ் டவுனில் இருக்கிறது அது. வளைகுடாவின் கிழக்கு முனையைத் தாண்டி, பெட்டீஸ் பே என்ற சிற்றூரில் ஸ்டோனி பாயிண்ட் இருக்கிறது. இரண்டிலும் அதே ஆப்பிரிக்கப் பென்குயின்தான். இரண்டு இடத்துக்கும் 1980-களில் தானாகவே வந்து குடியேறியது. ஒருநாள்தான் கையில் இருக்கிறது என்றால் எங்கே போவது?

வண்டி இல்லாதவருக்கு பவுல்டர்ஸ்தான். நகரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர், ரயில் தடமே சைமன்ஸ் டவுனில்தான் முடிகிறது. ஸ்டோனி பாயிண்டுக்குக் கார் வேண்டும். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். ஆனால் கோர்டன்ஸ் பே தாண்டியதும் ஒரு பக்கம் மலை, மறு பக்கம் கடல் என்று வளைந்து போகும் சாலைக்காகவே அந்தப் பயணத்தைச் செய்யலாம்.

கட்டணத்தில் ஒப்பிடவே வேண்டாம். பவுல்டர்ஸ் தேசியப் பூங்காவைச் சேர்ந்தது, வெளிநாட்டவருக்குத் தனி விலை. ஸ்டோனி பாயிண்டில் அதில் ஒரு சிறு பங்குதான்.

பவுல்டர்ஸுக்கு ஒரு பெரிய கவர்ச்சி உண்டு: குளிக்கலாம். பாறைகள் அலையைத் தடுப்பதால் குழந்தைகள் இறங்க ஏற்ற இடம். அட்லாண்டிக் பக்கத்தைவிடத் தண்ணீரில் குளிர் குறைவு என்றாலும், வங்கக் கடலில் குளித்துப் பழகியவருக்கு அதுவும் நடுக்கம்தான். நாம் நீந்தும்போது பக்கத்திலேயே ஒரு பென்குயின் நீந்திப் போகும். பெருங்கூட்டத்தைப் பார்க்க ஃபாக்ஸி கடற்கரையின் மரப்பலகைப் பாதைக்குப் போக வேண்டும். டிசம்பர், ஜனவரியில் அங்கே நெரிசல் தாங்காது.

ஸ்டோனி பாயிண்டில் குளியல் கிடையாது. ஒருகாலத்தில் அது திமிங்கில வேட்டை நிலையம். திமிங்கிலங்களை அறுத்த அதே கரையில் இன்று புதர்களுக்கடியில் குஞ்சுகள் வளர்வதைப் பார்ப்பதே மனதை நிறைக்கிறது. பாறைகளில் நீர்க்காகங்களும் கூடு கட்டுகின்றன. கழுதை கத்துவதுபோல ஆண் பென்குயின் கத்துவதை ஆள் சத்தம் குறுக்கிடாமல் கேட்கலாம். கருவாட்டு வாடை இரண்டு இடத்திலும் உண்டு, அது பழகிவிடும்.

என் ஓட்டு ஸ்டோனி பாயிண்டுக்கே. காரணம் பறவையின் நிலைமை. 2024-இல் இந்த இனம் அழிவின் விளிம்பில் இருப்பதாக அறிவிக்கப்பட்டது. மிஞ்சியிருப்பவை 10,000 ஜோடிக்கும் குறைவு. அதன் உணவான மத்தியும் நெத்திலியும் குறைந்துபோனதே முக்கியக் காரணம். 2025 மார்ச்சில் நீதிமன்ற உத்தரவால் பென்குயின்கள் கூடு கட்டி வாழும் ஆறு இடங்களைச் சுற்றி அந்த மீன்களைப் பிடிக்கக் கட்டுப்பாடு வந்தது. அந்த ஆறில் ஸ்டோனி பாயிண்டும் ஒன்று.

பென்குயின் ஆண்டுக்கு ஒருமுறை இறகு உதிர்க்கும். அந்த மூன்று வாரமும் நீர் புகாத கவசம் இல்லாததால் கடலில் இறங்க முடியாது. சாப்பாடே இல்லாமல், சேர்த்து வைத்த கொழுப்பில் கரையில் நின்றபடி காலம் தள்ளும். அப்படி நிற்கும் பறவையைப் படத்துக்காக நாலு பேர் நெருங்கினால் அதற்கு ஒதுங்க வழியில்லை. ஸ்டோனி பாயிண்டைப் போல மனிதர்கள் பாதையிலேயே நின்றுவிடும் இடம் அதற்கு நல்லது.

இருந்தாலும் சின்னக் குழந்தைகளோடு போகிறவர்கள் பவுல்டர்ஸ் போனால் குறை சொல்ல மாட்டேன். அலகு கூர்மையானது, கடித்தால் ரத்தம் வரும். கையை நீட்ட விடாதீர்கள். கிளம்பும்போது காருக்கடியில் ஒருமுறை குனிந்து பாருங்கள், நிழலுக்கு ஒன்று ஒதுங்கியிருக்கும்.