‘பங்களா வெள்ளி’யைத் தட்டித் தருகிறோம் என்றால்: குன்னூர்ப் பக்கம் எனக்கு நடந்தது

கடையின் பெயரை எழுதவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். அது முடியும்வரை பெயர் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவில், சீசனில் டூரிஸ்ட் வண்டிகள் வரிசையாக நிற்கிற இடம் என்பதுவரை சொல்லலாம். பழைய பங்களா வெள்ளியைக் கையால் தட்டி அலங்காரப் பொருள் செய்து தருவதாகப் பலகை. வாசலில் ஒருவர் எந்நேரமும் ஒரு தகட்டைத் தட்டிக்கொண்டே இருப்பார். எப்போது போனாலும் அதே தகடுதானோ என்று இப்போது எனக்குச் சந்தேகம்.

இந்த வியாபாரம் நீலகிரியில் எடுபடுவதற்குக் காரணம் உண்டு. ஊட்டி வெள்ளைக்காரர் காலத்தில் மதராஸ் மாகாணத்தின் கோடைத் தலைநகரம். எஸ்டேட் பங்களா, கிளப், வெலிங்டன் ராணுவக் குடியிருப்பு என்று எல்லா இடத்திலும் ட்ரே, டீ பாட், முள்கரண்டியெல்லாம் வெள்ளி முலாம் பூசியவை. அவர்கள் ஊருக்குக் கிளம்பியபோது கொஞ்சம் ஏலத்துக்குப் போனது, கொஞ்சம் வேலைக்காரர்கள் கைக்கு வந்தது. என் அம்மாவின் அப்பா கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் பட்லர். அவர் வழியாக எங்களுக்கு வந்தவை ஒரு பெரிய ட்ரே, ஒரு டீ பாட், ஒரு டோஸ்ட் ஸ்டாண்டு. ட்ரேயின் நடுவில் எஸ்டேட் பெயரின் முதலெழுத்துகளைக் கொடி போலப் பின்னிச் செதுக்கியிருந்தார்கள்.

பரணில் கறுத்துக் கிடந்தவற்றை என் தங்கை மகள் கல்யாணத்துக்கு இலை வடிவக் கிண்ணங்களாகவும் சுவரில் மாட்டுகிற பறவைகளாகவும் மாற்றிக் கொடுக்க நினைத்தேன். தாத்தாவின் பொருள் ஒரு புது வீட்டுக்குப் போகட்டுமே என்றுதான். ட்ரேயையும் டீ பாட்டையும் எடுத்துக்கொண்டு போனேன்.

கடைக்காரர் ட்ரேயைக் கையில் வாங்கியதும் சொன்னது: “மேடம், இது அசல் இங்கிலீஷ் வெள்ளி. எழுபது பர்சென்ட் நிக்கும். உருக்கித் தகடாக்கிட்டா நம்ம கோத்தர் பசங்க கையாலயே தட்டித் தந்துருவாங்க.” (கோத்தர் என்பவர்கள் நீலகிரியின் பழங்குடிக் கைவினைஞர்கள்.) செய்கூலி 16,500 ரூபாய். சேதாரம் தனி, அதைப் பொருளிலேயே கழித்துக்கொள்வாராம்.

எழுபது சதவீதம் என்பது வியாபாரப் பேச்சு என்று தெரிந்ததால் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உருக்கவே கூடாது, தட்டினால் போதும், ஒரு கிண்ணத்திலாவது அந்தச் செதுக்கல் தெரிய வேண்டும் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். சரி சரி என்றார். நான் தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறவள். எடை போடாமல் எதையும் வெளியே அனுப்பிப் பழக்கமில்லை. ட்ரே 1,310 கிராம். அடியில் இருந்த முத்திரைகளையும் ஃபோட்டோ எடுத்து வைத்திருந்தேன். ட்ரேயில் ஈ.பி.என்.எஸ்., டீ பாட்டில் ஈ.பி.பி.எம். இரண்டுமே வெள்ளி முலாம் பூசியது என்று சொல்கிற எழுத்துகள்.

அப்புறம் வழக்கமான இழுத்தடிப்புதான். மழை, அரக்கு இறுகவில்லை, ஆள் ஊருக்குப் போய்விட்டான். கல்யாணத்துக்கு முந்தின வாரம் நான்கு கிண்ணமும் இரண்டு பறவையும் டிஷ்யூ பேப்பரில் சுற்றிக் கொடுத்தார்கள். தூக்கியதுமே கை சொல்லிவிட்டது, எடை இல்லை. ஆறும் சேர்ந்தும் ட்ரேயின் எடை வரவில்லை. செதுக்கல் எங்கே என்றால், “உருக்கினதுல போயிருச்சு மேடம்.” உருக்கச் சொன்னது யார்? “அப்பதான் ஃபினிஷிங் வரும்.” டீ பாட்? “அது வெள்ளி கம்மி மேடம், தண்ணியா ஓடிருச்சு.” மீதி எடை எங்கே? “சேதாரம்.”

கல்யாணப் பெண்ணிடம் அவற்றைக் கொடுக்கவில்லை. பணமாக மொய் எழுதிவிட்டு, ஒரு கிண்ணத்தை எனக்குத் தெரிந்த பத்தர் ஒருவரிடம் கொண்டுபோனேன். கோயில்களுக்குக் கவசம் தட்டுகிறவர், கோயம்புத்தூர்க்காரர். கிண்ணத்தை ஒரு தடவை சுண்டிப் பார்த்தார்.

“அம்மிணி, முலாம் போட்டதை உருக்குனா வெள்ளி எங்க இருக்கும்? செம்போட செம்பாப் போயிரும். உருக்குனேன்னு சொன்னா ஒண்ணு அவனுக்குத் தொழில் தெரியாது, இல்லைன்னா அவன் உருக்கவே இல்லை.”

இந்தப் பதிவே இதைச் சொல்லத்தான். ஈ.பி.என்.எஸ். என்பது செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றும் கலந்த உலோகத்தின்மேல் மின்சாரத்தால் வெள்ளி பூசியது. 1840-ல் பர்மிங்காமில் எல்கிங்டன்கள் காப்புரிமை வாங்கிய முறை. உள்ளே இருப்பது நம் ஊரில் ஜெர்மன் சில்வர் என்று சொல்கிற உலோகம்தான், அதில் துளி வெள்ளி கிடையாது. மேல்பூச்சு நன்றாக இருந்தாலே 20, 30 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). என் ட்ரே ஒன்றேகால் அடிக்கு ஒரு அடி. 20 மைக்ரான் என்று வைத்து இரண்டு பக்கத்துக்கும் கணக்குப் போட்டால் வெள்ளி 50 கிராமைக்கூட எட்டவில்லை. இத்தனை வருஷம் சாம்பலும் பாலிஷும் போட்டுத் தேய்த்த பிறகு அதில் எவ்வளவு மிச்சமோ. கடைக்காரரின் எழுபது சதவீதப்படி 917 கிராம் இருந்திருக்க வேண்டும்!

பூச்சு அப்படியே மேலே நிற்கும்வரைதான் அது வெள்ளியாகத் தெரியும். அதனால்தான் இந்த வேலையை உருக்காமல், தட்டியே செய்கிறார்கள். ட்ரேயின் சமமான நடுப்பகுதியை வெட்டி, அரக்கிலோ மரக்குழியிலோ வைத்து, கொட்டாப்புளியால் வளைத்து, பிறகு சுத்தியலால் கொத்திக் கொண்டுவருவார்கள். தட்டத் தட்ட உலோகம் விறைத்துவிடும். மேற்கொண்டு தட்டினால் வெடிக்கும். அப்போது நெருப்பில் காட்டி இளக்க வேண்டும். முலாம் போட்டதில் கஷ்டமான கட்டம் இதுதான் என்றார் பத்தர். வெள்ளி தனியாக உருக 961 டிகிரி வேண்டும், செம்புக்கு 1,085. ஆனால் இரண்டும் ஒட்டியிருக்கிற இடத்தில் 780 டிகிரியிலேயே உருகத் தொடங்கிவிடும். மங்கின சிவப்பு தாண்டிப் பளிச்சென்று சிவந்தால் பூச்சு உள்ளே இறங்கிவிடும், மேலே மஞ்சளடித்துப்போகும். பழைய பொருள்களின் ஓரப் பூவேலைக்குள் ஈயம் நிரப்பியிருப்பார்கள். அதை வெட்டி எடுக்காமல் சூடு காட்டினால் ஈயம் ஓடி உலோகத்தை அரித்துக் குழி விழுந்துவிடும். அதனால் தெரிந்தவர்கள் ஓரத்தை முதலில் நீக்கிவிடுவார்கள், சூட்டையும் முடிந்தவரை குறைப்பார்கள், ஒட்டுப் போடுகிற இடத்தில் ஆணி அடிப்பார்கள்.

டீ பாட் விஷயத்தில் மட்டும் கடைக்காரர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஈ.பி.பி.எம். என்பதில் உள்ளே இருப்பது பிரிட்டானியா உலோகம். பெரும்பகுதி வெள்ளீயம், கொஞ்சம் ஆன்டிமனியும் செம்பும். 250 டிகிரியை ஒட்டியே இளகிவிடும், கேஸ் டார்ச்சுக்குத் தாங்காது. முத்திரையைப் படித்திருந்தால் பற்றவைத்தே இருக்க மாட்டார்கள். “வெள்ளி கம்மி” என்று பழியை என் பாட்டிமேல்... மன்னிக்கவும், டீ பாட்மேல் போட்டது எனக்கு இன்னும் எரிச்சல்.

சரி, கிண்ணம் எதில் செய்தது? வீட்டிலேயே பார்க்கலாம், சமையலறைத் தராசு போதும். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்துத் தராசில் ஏற்றிப் பூஜ்யமாக்குங்கள். பொருளை நூலில் கட்டி, முழுக்க மூழ்கும்படி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தொங்கவிடுங்கள். தராசு காட்டுகிற கிராம்தான் அது விலக்கிய தண்ணீர். பொருளின் எடையை அதனால் வகுத்தால் சுத்த வெள்ளிக்குப் பத்தரை வரும், ஜெர்மன் சில்வருக்கு எட்டே முக்காலுக்குப் பக்கம். என் கிண்ணம் 162 கிராம். தராசு காட்டியது 60. இரண்டு புள்ளி ஏழு. அலுமினியம்! உள்ளே காற்றோ மரமோ அடைபட்ட பொருளுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது, கிண்ணம் மாதிரித் திறந்த பொருளுக்குச் சரியாக வரும். காந்தத்தை நம்பாதீர்கள். வெள்ளியும் ஒட்டாது, ஜெர்மன் சில்வரும் ஒட்டாது, அலுமினியமும் ஒட்டாது. கடையில் காந்தம் வைத்துக் காட்டினால் இரும்பு இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். நகைக்கடையில் மெஷினில் வைத்துப் பார்ப்பதும் மேல்தோலைத்தான் படிக்கும். அடியில் கொஞ்சம் அரத்தால் தேய்த்துவிட்டு வைக்கச் சொல்லுங்கள்.

தராசுகூட வேண்டியதில்லை என்று பத்தர் அப்புறம் காட்டினார். நான்கு கிண்ணங்களையும் காம்பு ஒரே பக்கம் இருக்கும்படி அடுக்கினார். இடது ஓரத்தில் பிறை மாதிரி ஒரு பள்ளம், அதன்கீழ் இரண்டு சின்னக் குழி. நான்கிலும் அதே இடம், அதே ஆழம். அச்சில் வார்த்து நிக்கல் பூசிக் கறுப்புத் தடவிய சரக்கு. கைத்தட்டு என்றால் ஒரு கொத்தின்மேல் இன்னொன்று ஏறியிருக்கும், வளைவில் நீண்டிருக்கும், இரண்டு கிண்ணம் ஒன்றுபோல வரவே வராது. பழைய ட்ரேயை வெட்டிச் செய்ததாக இருந்தால் வெட்டிய ஓரத்தைப் பாருங்கள்: உள்ளிருக்கிற உலோகம் மஞ்சள் கலந்த வெளிர் கோடாகத் தெரிந்தே தீரும். இன்னும் பழைய, செம்பின்மேல் வெள்ளித் தகடு ஒட்டிய ஷெஃபீல்டு வகை என்றால் சிவப்புக் கோடு. ஓரமும் ஒரே பளபளப்பாக இருந்தால் முடிந்த பிறகு மறுபடி முலாம் போட்டிருக்க வேண்டும், அதைச் சொல்லித்தான் விற்க வேண்டும்.

அலுமினியக் கிண்ணம் கேவலமான பொருள் இல்லை. இருநூறு, முந்நூறு ரூபாய்க்கு அதன் பெயரிலேயே விற்றால் நானே வாங்கியிருப்பேன். கோத்தர் பெயரை இழுத்ததுதான் பொறுக்கவில்லை. இந்த மலையில் தலைமுறை தலைமுறையாகப் படுகருக்கும் தோடருக்கும் இரும்புச் சாமான் அடித்துக் கொடுத்தவர்கள் கோத்தர்கள். பானை வனைவதும் வாத்தியம் வாசிப்பதும் அவர்கள் தொழில்கள்தான். எங்கிருந்தோ மொத்தமாக இறக்கிய வார்ப்புக்கு அவர்கள் கைப்பெயரை ஒட்டி டூரிஸ்ட்டிடம் விற்கிறார்கள். பட்டறையைப் பார்க்கலாமா என்று கேட்டேன். “பட்டறை கோயம்புத்தூர்ல இருக்கு மேடம்.”

பில்லைத்தான் நான் கடைசியாகப் பார்த்தேன், என் தொழிலுக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டிருக்க வேண்டும் என்று என் வீட்டுக்காரர் இன்னும் சிரிக்கிறார். அதில் போட்டிருந்த ஜிஎஸ்டி சரக்கு எண் 8306. சாதாரண உலோகத்தில் செய்த அலங்காரப் பொருள்களை விற்பதற்கான எண் அது. வெள்ளிச் சாமான் என்றால் 7114 வந்திருக்கும். அதைவிட முக்கியம், நான் கொடுத்த உலோகத்தில் வேலை செய்து தந்திருந்தால் அது விற்பனையே இல்லை, கூலி வேலை. 9988 என்று தொடங்குகிற சேவை எண் வர வேண்டும். தயார் சரக்கைத்தான் விற்றேன் என்று அவர் கைப்பட எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

பில்லையும் ஃபோட்டோவையும் வைத்துக்கொண்டு போய்க் கேட்டபோது ‘மேடம்’ போய் ‘அக்கா’ ஆனேன். “விடுங்கக்கா, வேற நாலு பீஸ் எடுத்துக்கோங்க.” எனக்கு ட்ரே வேண்டும், இல்லையென்றால் அதை வெட்டிய துண்டுகளாவது வேண்டும் என்றேன். துண்டும் உருகிவிட்டதாம். முழு ட்ரேயாகவே பழம்பொருள் வாங்குகிறவர்களிடம் நல்ல விலைக்குப் போயிருக்கும் என்பது பத்தரின் ஊகம், என்னுடையதும். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்த பிறகு 6,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பினார்கள். மீதிக்கும் ட்ரேக்கும்தான் இப்போது ஊட்டியில் வழக்கு.

நல்ல ஆளிடம் கொடுக்க நினைப்பவர்களுக்கு: எடையையும் முத்திரை எழுத்தையும் ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். கொடுத்த உலோகத்திலேயே செய்து, வெட்டிய துண்டுகளோடு திருப்பித் தருவேன் என்று ஒரு வரி வேண்டும். தட்டுகிற வேலையில் உருக்கு நஷ்டம் இல்லை. சேதாரம் என்பது வெட்டு மிச்சம்தான், அது உங்களுடையது. முத்திரை இருக்கிற துண்டை ஏதாவது ஒரு பொருளின் பின்பக்கம் அப்படியே விட்டுவைக்கச் சொல்லுங்கள், வேறு சரக்கை மாற்றிக் கொடுக்க முடியாது. நிஜமாக வேலை தெரிந்தவர் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார். என் பத்தர், கேட்பதற்கு முன்பே டோஸ்ட் ஸ்டாண்டின் எடையைச் சீட்டில் எழுதிவிட்டார். செய்த கிண்ணத்தில் சாப்பாடு மட்டும் வைக்காதீர்கள். பழைய ஈய ஒட்டு எங்கே இருக்கும் என்று தெரியாது, பூச்சுத் தேய்ந்த இடத்தில் புளியும் எலுமிச்சையும் பட்டால் களிம்பேறும்.

இதே கடையில் கொடுத்தவர்கள் இன்னும் சிலராவது இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பில்லையும் பேசிய வாட்ஸ்அப்பையும் அழித்துவிடாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகாரை உங்கள் சொந்த ஊர் மாவட்ட ஆணையத்திலேயே கொடுக்கலாம், இதற்காக மலை ஏறி வர வேண்டியதில்லை. கொடுத்த தொகை 5 லட்சம்வரை என்றால் கட்டணம் கிடையாது. சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும்.