7 டிகிரிக்குக் கீழே: ஆல் சீசன் டயரா, விண்டர் டயரா?

ஒரே காரில் ஆல் சீசன் டயரோடு இரண்டு குளிர்காலம், விண்டர் டயரோடு மூன்று குளிர்காலம் ஓட்டியாகிவிட்டது. அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

ஆல் சீசன் டயரைக் குறை சொல்ல மனமில்லை. வெயிலிலும் மழையிலும் நன்றாகவே உழைத்தது. என்னை மாற வைத்தது ஒரு சரிவுச் சாலை. அன்று பனி விழவே இல்லை. சாலை லேசாக ஈரமாக இருப்பதுபோலத்தான் தெரிந்தது. சிக்னலுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தேன். காலுக்கடியில் ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) தடதடக்கிறது, கார் பாட்டுக்கு இறங்கிக்கொண்டே போகிறது. முன்னால் நின்ற வண்டியைத் தொட ஒரு முழம் இருக்கும்போதுதான் நின்றது. பின் சீட்டில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

விஷயம் ரப்பரில் இருக்கிறது. சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் கோடைக்கால டயர் இறுகிப் பிடிமானம் குறையும். ஆல் சீசன் கொஞ்சம் தாங்கும், ஆனால் கடுங்குளிரில் அதுவும் இறுகிவிடும். விண்டர் டயரின் ரப்பர் குளிரிலும் இளகியே இருக்கும். உறைந்துபோன ஒரு காலையில் இரண்டையும் பக்கத்தில் வைத்து விரலால் அழுத்திப் பார்த்தேன். பழைய ஆல் சீசன் மரக்கட்டைபோல் இருந்தது. புதிய விண்டர் டயரின் பட்டன், அதாவது தரையில் படும் ரப்பர் மேடு, விரலுக்கு வளைந்து கொடுத்தது. வளையும்போது அதிலிருக்கும் மெல்லிய கீறல்கள் வாய் திறக்கின்றன. அந்த விளிம்புகள்தான் பனியைக் கவ்விப் பிடிக்கின்றன.

ஒரு தப்பும் செய்தேன். "இழுக்கிறது முன் சக்கரம்தானே, முன்னால ரெண்டு போதும்" என்று கடையில் சொன்னதைக் கேட்டு இரண்டு மட்டும் போட்டேன். அந்த வாரமே ஒரு வளைவில் வண்டியின் பின்பக்கம் விலகிச் சுழலப் பார்த்தது. நான்கும் ஒரே வகையாக இருக்க வேண்டும், இதில் சமரசமே கூடாது.

விண்டர் டயரிலும் குறை உண்டு. சத்தம் கொஞ்சம் அதிகம். ஒரு வருடம் சோம்பலில் கோடையிலும் கழற்றாமல் ஓட்டினேன். சூட்டில் மளமளவென்று தேய்ந்தது, வளைவுகளில் வண்டி தொளதொளவென்று இருந்தது, பிரேக்கும் தள்ளித்தான் பிடித்தது. அப்புறம் தனி ரிம்மில் மாட்டி வைத்துவிட்டேன். இப்போது சக்கரத்தோடு மாற்றுவதால் வேலை சுலபம்.

குளிர் எப்போதாவது எட்டிப் பார்க்கும் இடமென்றால் இரண்டு செட் தேவையில்லை. ஆல் சீசனே போதும், ஆனால் பக்கவாட்டில் மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் பொறித்த சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். அது பனியில் சோதித்துக் கொடுப்பது. வெறும் 'எம் பிளஸ் எஸ்' (M+S, சேறும் பனியும்) என்ற எழுத்துக்கு அந்தச் சோதனை தேவையில்லை. மாதக்கணக்கில் 7 டிகிரிக்குக் கீழே இருக்கும் இடத்தில் ஓட்டுகிறவர்கள் தயங்காமல் விண்டர் டயர் வாங்குங்கள்.

என்னுடையதில் பட்டன் ஆழம் இப்போது 5 மில்லிமீட்டர் இருக்கிறது. 4-க்கு இறங்கியதும் இதே டயரைத்தான் மறுபடி வாங்கப் போகிறேன்.