வலிப்புக்குப் பிறகு எம்ஆர்ஐ: ரிப்போர்ட் அருமை, காத்திருப்பு மோசம்

வலிப்பு நோயாளிக்கு ஸ்கேன் எடுக்கத் தெரிந்த இடமா என்பதை மட்டும்தான் நான் பார்த்தேன். இந்த சென்டருக்கு அது தெரிந்திருக்கிறது.

தம்பிக்கு விடாமல் வந்த வலிப்பு அடங்கிய மறுநாள் போனோம். உடம்பில் உலோகம் உண்டா என்ற வழக்கமான கேள்வியோடு டெக்னீஷியன் நிறுத்தவில்லை. வலிப்பு எப்போது நின்றது, எவ்வளவு நேரம் நீடித்தது, எந்தக் கை முதலில் இழுத்தது, மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினோமா என்று கேட்டு எழுதிக்கொண்டார். இந்த விவரம் இல்லாமல் படத்தைப் பார்ப்பவர் தடம் மாறிவிடலாம். நீண்ட வலிப்பில் நரம்பு செல்கள் ஓயாமல் இயங்கி, கூடுதலாக வருகிற ரத்தமும் போதாமல் வீங்கிவிடும். அந்த வீக்கம் ஃப்ளேர், டிஃப்யூஷன் என்ற எம்ஆர்ஐ பட வகைகளில் வெள்ளையாகத் தெரியும். பக்கவாதம், மூளைக்காய்ச்சல், சில சமயம் கட்டிகூட அப்படித்தான் தெரியும். ஆனால் வலிப்பால் வந்த வெள்ளை பெரும்பாலும் சில நாளிலோ வாரங்களிலோ மறைந்துவிடும்.

தம்பிக்கு இடது ஹிப்போகாம்பஸும் (நினைவாற்றலுக்கான மூளைப் பகுதி) பக்கத்துப் புறணியும் (மூளையின் வெளி அடுக்கு) வெளுத்திருந்தன. பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. ரேடியாலஜிஸ்ட் அவசரப்பட்டு ஒரு பெயர் சூட்டவில்லை. பக்கவாதத்தில் போல வெளுப்பு ஒரே ரத்தக்குழாயின் எல்லைக்குள் அடங்கவில்லை, அங்கே ரத்த ஓட்டம் குறையாமல் கூடியிருக்கிறது, அதனால் வலிப்பின் தற்காலிக விளைவாக இருக்கலாம் என்று காரணத்தோடு எழுதியிருந்தார். மூளைக்காய்ச்சல் இல்லை என்று உறுதி செய்யவும், சில வாரம் கழித்து மறுபடி படம் எடுக்கவும் சொல்லியிருந்தார். நரம்பியல் மருத்துவர் முதுகுத்தண்டு நீரைப் பரிசோதித்தார். அதில் ஒன்றுமில்லை.

மறு ஸ்கேனில் வெள்ளை போய்விட்டது! அதே மெஷினில், அதே கோணத்தில் எடுத்து, இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். நீண்ட வலிப்புக்குப் பிறகு ஹிப்போகாம்பஸ் பின்னாளில் சுருங்கவும் கூடும் என்பதால் அதன் அளவையும் குறித்திருந்தார்கள். இவ்வளவு பொறுப்பான ரிப்போர்ட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

காத்திருப்பு ஏற்பாடு மட்டும் ஏற்கவே முடியாதது. குழப்பம் தெளியாத நோயாளியைத் தடுப்புக் கம்பி இல்லாத பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அங்கேயே வலிப்பு வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டதற்கும் சரியான பதில் இல்லை. வலிப்பு நோயாளிகளுக்கென்று படுக்கை ஒன்றாவது போட வேண்டும்.

அப்புறம், முதல் ஸ்கேனின் சிடியைக் கேட்டு வாங்கி வையுங்கள். ரிப்போர்ட் காகிதத்தை மட்டும் வைத்து இரண்டு படங்களை ஒப்பிட முடியாது.