‘நம்பு’ என்ற சொல்லுக்கு மூன்று ஆங்கிலச் சொற்கள்: எந்த வேலைக்கு எந்த அகராதி?

தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரிக்கு வரும் மாணவர்களின் ஆங்கிலக் கட்டுரைகளைத் திருத்தும்போது, ‘அட்வைஸ்’ என்ற சொல்லுக்குப் பன்மை விகுதி சேர்த்து ‘அட்வைசஸ்’ என்று எழுதியிருப்பதைத் தாள்தோறும் காண்கிறேன். அகராதியைப் பார்த்தாயா என்று கேட்டால் பார்த்தேன் என்பார்கள், அது உண்மைதான். அவர்களிடம் உள்ள ஆங்கில-தமிழ் அகராதி ‘அறிவுரை’ என்று பொருள் தருகிறது. தமிழில் அறிவுரைகள் என்று சொல்லலாம் என்பதால், ஆங்கிலத்திலும் அப்படியே வரும் என்று அவர்கள் கொள்வது இயல்பு. ஆங்கிலம் கற்போருக்கென்றே செய்யப்பட்ட ஆங்கில-ஆங்கில அகராதியில் அதே சொல்லைப் பார்த்திருந்தால், எண்ண முடியாத பெயர்ச்சொல் என்ற குறியீடு பொருளுக்கு முன்பே கண்ணில் பட்டிருக்கும்.

இதனால் ஆங்கில-தமிழ் அகராதி தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை. படித்துக்கொண்டிருக்கும்போது ‘நட்மெக்’ என்ற சொல் வந்தால், ஆங்கில-ஆங்கில அகராதி அதை வெப்பமண்டல மரமொன்றின் கடினமான விதை என்றும், பொடித்து உணவில் சேர்க்கும் மணப்பொருள் என்றும் விவரிக்கும். அதைப் படித்த பிறகும் பொருள் கைக்கு வராது. ‘ஜாதிக்காய்’ என்ற ஒரே சொல் அந்த வேலையை நொடியில் முடித்துவிடும். மரம், பறவை, மளிகைப் பொருள், நோய், உறுப்பு ஆகியவற்றின் பெயர்களுக்கு இருமொழி அகராதிக்கு ஈடில்லை. துறைச் சொற்களுக்குத் தமிழ் நிகரன் தேடுவோருக்கு, அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு சென்னைப் பல்கலைக்கழகம் 1965-இல் வெளியிட்ட ஆங்கிலம்-தமிழ்ச் சொற்களஞ்சியம் இன்றும் கைகொடுக்கிறது.

சிக்கல் வினைச்சொற்களில்தான் தொடங்குகிறது. ‘ஹோப்’, ‘பிலீவ்’, ‘ட்ரஸ்ட்’ ஆகிய மூன்றையும் தமிழில் ‘நம்பு’ என்றே சொல்லிவிட முடியும். ‘நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்’ என்று கடிதம் தொடங்க விரும்பும் மாணவர், மூன்றில் கைக்குக் கிடைத்த ‘பிலீவ்’ என்பதைப் போட்டுவிடுகிறார். அவர் சொல்ல வந்தது விருப்பம் கலந்த எதிர்பார்ப்பு. எழுதியதோ, உண்மை என்று ஏற்றுக்கொண்ட ஒரு கருத்து. உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் தரும் அகராதிகளில் இன்னொரு குறையும் உண்டு. பேக்கரியில் வாங்கும் பன்னும், சிலேடையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் தமிழ் எழுத்தில் ‘பன்’ என்றே வரும். முதலெழுத்தின் ஒலி வேறுபாட்டைக் காட்டத் தமிழில் தனி எழுத்து இல்லை.

கற்போருக்கான அகராதிகள் இங்கிலாந்துப் பள்ளிகளின் தேவையிலிருந்து பிறந்தவை அல்ல என்பதை நம் மாணவர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், 1935-இல் வெளியிட்ட அகராதியில் ஏறத்தாழ 1,490 எளிய சொற்களைக் கொண்டே எல்லாச் சொற்களுக்கும் விளக்கம் எழுதினார். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி உருவாக்கி 1942-இல் டோக்கியோவில் வெளிவந்த அகராதியே, பின்னர் ஆக்ஸ்போர்டின் புகழ்பெற்ற கற்போர் அகராதியாக வளர்ந்தது. 1978-இல் வந்த லாங்மேன் அகராதி சுமார் 2,000 சொற்களுக்குள் விளக்கங்களை அடக்கியது. 1987-இல் வந்த கோபில்ட் என்ற கற்போர் அகராதி, சொல்லை முழு வாக்கியத்தில் வைத்தே விளக்கியதால், பொருளைப் படிக்கும்போதே பயன்பாடும் மனத்தில் பதிந்தது. வெளியிலிருந்து ஆங்கிலத்துக்குள் வருபவர் எங்கே தடுக்கி விழுவார் என்பதை அறிந்து எழுதப்பட்டவை இவை. ‘டிஸ்கஸ்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்ற தமிழ் வழக்கால் நாம் ‘டிஸ்கஸ் அபௌட்’ என்று எழுதுகிறோம்; அப்படி எழுதக் கூடாது என்று ஆக்ஸ்போர்டு கற்போர் அகராதி தனிக் குறிப்பே தருகிறது. ‘விவாதி’ என்ற தமிழ்ப் பொருள் மட்டும் தெரிந்தவருக்கு இந்த எச்சரிக்கை கிடைக்க வழியில்லை.

ஆனால் அந்த 2,000 சொற்களே வசப்படாதவருக்கு இவ்வகை அகராதி தண்டனையாகிவிடும். நான் மாணவர்களுக்குச் சொல்லும் சோதனை எளிது: தெரியாத ஐந்து சொற்களின் விளக்கங்களைப் படிக்க வேண்டும், அவற்றில் மூன்றைப் புரிந்துகொள்ள மறுபடியும் அகராதியைப் புரட்ட நேர்ந்தால், இன்னும் ஓராண்டு இருமொழி அகராதியோடு இருப்பதே நல்லது. இடைப்பட்ட நிலையில் இருப்பவருக்கு, லிப்கோ போன்ற ஆங்கிலம்-ஆங்கிலம்-தமிழ் அகராதிகள் பாலமாக அமையும்.

கைபேசி மொழிபெயர்ப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கூகுள் மொழிபெயர்ப்பில் 2011-இல் தமிழ் சேர்ந்தது முதல் அதன் வசதி பெருகியே வந்திருக்கிறது. ஒரு பத்தியின் சாரத்தை அறிய அது போதும். தனிச்சொல்லுக்கு அதை நம்புவதுதான் தவறு. ‘ஃபைன்’ என்று மட்டும் தட்டினால், நலமா அபராதமா என்பதை அதனால் அறிய முடியாது. கைபேசி கையில் இருக்கும்போது, ஆக்ஸ்போர்டு, லாங்மேன் கற்போர் அகராதிகளின் இணையப் பதிப்புகளைக் கட்டணமின்றித் திறக்கலாம். பிரிட்டன், அமெரிக்க உச்சரிப்புகளைத் தனித்தனியே கேட்கலாம். தமிழ் எழுத்தால் காட்ட முடியாத ‘பன்’ வேறுபாடு அங்கே காதிலேயே தெளிந்துவிடும்.

வாசிக்கும்போது இருமொழி அகராதியையும், எழுதும்போது கற்போர் அகராதியையும் மேசையில் வைத்துக்கொள்ளுமாறு என் மாணவர்களிடம் சொல்கிறேன். சொற்களைக் குறித்துவைக்கும் நோட்டில் ‘அட்வைஸ் – அறிவுரை’ என்று நிறுத்தாமல், அதற்கு அடுத்த வரியில் ‘எ பீஸ் ஆஃப் அட்வைஸ்’ என்ற தொடரையும் எழுதச் சொல்கிறேன்.